நகர மறுக்கும் எண்ணெய்

நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கியிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் எண்ணெய் கிணற்றை வந்தடையும். வட குஜராத்தில் மெஹ்ஸானா பகுதியிலுள்ள பலோல், சாந்தல் வயல்களில் பாறையின்மேல் பழி சொல்ல முடியாது. ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் அமைந்த அந்த மணற்பாறையின் கன அளவில் கால் பங்குக்கு மேல் துளைகளே. திரவங்கள் ஊடுருவிச் செல்லவும் அது நன்கு இடந்தருகிறது. இடர்ப்பாடு எண்ணெயில் இருக்கிறது.

எண்ணெயின் அடர்த்தியை ஏ.பி.ஐ. பாகைகளில் குறிப்பர். தண்ணீருக்கு 10 பாகை. எண்ணெய் இலேசாக ஆக ஆக எண் உயரும். மும்பைக் கடல் வயலின் எண்ணெய் 40 பாகையை ஒட்டியது. பலோல் எண்ணெயோ ஏறத்தாழ 16 பாகைதான். எனினும் ஒரு லிட்டர் சுமார் 960 கிராமே இருக்கும், தண்ணீரில் மிதக்கும். ஆகவே 'கனத்த எண்ணெய்' என்ற பெயர் சற்றே திசைதிருப்புவது. தொல்லை எடையால் வருவதன்று, பாகுநிலையால் வருவது. பாறையினுள் வெப்பம் 70 டிகிரி சென்டிகிரேட் அளவில் இருந்தும், இந்த எண்ணெயின் பாகுநிலை தண்ணீரினுடையதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்காகும்.

இதன் விளைவு கிணற்றில் தெரிகிறது. எண்ணெய்ப் படிவத்தின் ஓரங்களில் உள்ள நிலத்தடி நீர் அழுத்தத்தோடு உள்ளே பாய்கிறது. இலேசான எண்ணெயாயின் அந்நீர் அதனை முன்னே தள்ளிச் செல்லும். இங்கோ இளகிய நீர், இறுகிய எண்ணெயைத் தள்ளாமல் அதனூடே வழி பிளந்துகொண்டு முந்திவிடுகிறது. கிணற்றில் நீர் பெருகுகிறது. எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடுகிறது. இயற்கையான முறையில் பலோலில் 100-க்கு 13 பங்கு அளவே கிடைக்குமெனக் கணித்தனர். எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது சிறு இழப்பன்று.

வெப்பம் ஏறினால் பாகுநிலை மிக விரைவாகச் சரியும். நீராவியைச் செலுத்தலாம்; ஆனால் 1,000 மீட்டர் இறங்குவதற்குள் அதன் வெப்பத்தில் கணிசமான பகுதி குழாய் வழியே வீணாகும். எனவே வெப்பத்தைப் பாறைக்குள்ளேயே உண்டாக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. காற்றை அழுத்திச் செலுத்தித் தீமூட்டினால், எண்ணெயின் கரிமிகுந்த பகுதி எரிகிறது. அந்த வெப்பத்தில் முன்னுள்ள எண்ணெய் இளகி நகர்கிறது. 1990-இல் எண்ணெய், இயற்கை வாயுக் கமிஷன் பலோலில் இதைச் சோதித்தது. 1997-இல் இரு வயல்களிலும் வணிக அளவில் தொடங்கிற்று. இம்முறையால் கிடைக்கும் பங்கு 100-க்கு 40 அளவுக்கு உயரக்கூடும் என்பது கணிப்பு.

தீயைக் கட்டுக்குள் வைப்பது எளிதன்று. காற்று இடையில் நின்றால் எண்ணெய் காற்றுக் கிணற்றுக்குள்ளேயே திரும்பி வரும். மீண்டும் காற்றைச் செலுத்துகையில் அது வெடிக்கக்கூடும். ஆகவே காற்றழுத்தப் பொறிகள் ஓய்வின்றி இயங்க வேண்டியிருக்கிறது.