‘பள்ளி’க்கு ஏன் பள்ளின்னு பேரு? அருப்புக்கோட்டை, திருச்சுழி மண்ணுல இருந்தே தொடங்கலாம் ஹிஸ்டரி கிளாஸ்!

மதியச் சாப்பாடு முடிஞ்ச முதல் பீரியட். ஒன்பதாம் வகுப்பு, சமூக அறிவியல். ஃபேன் சுத்துதா இல்லையான்னே தெரியாத வெக்கை. புத்தகத்துல சமணமும் பௌத்தமும் வர்ற பாடம். ‘மகாவீரர் எங்கே பிறந்தார்?’னு ஆரம்பிச்சீங்கன்னா பாதி கிளாஸ் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கும்.

அதுக்குப் பதிலா போர்டுல ஒரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்க. ‘நாம உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு ஏன் பள்ளின்னு பேரு?’

முதல்ல அமைதி. அப்புறம் வேற எங்கெல்லாம் ‘பள்ளி’ வருதுன்னு கேளுங்க. பள்ளிவாசல்னு ஒரு குரல் வரும். கோயில்ல பள்ளியறை. திருச்சுழிப் பக்கத்துப் பசங்க யாராவது இருந்தா, ‘எங்க ஊர்கிட்ட பள்ளிமடம் இருக்கு சார்’னு சொல்வாங்க. பள்ளின்னா படுக்கை, தங்குற இடம். சமணத் துறவிகள் தங்கின இடமும் பள்ளிதான். அவங்க அங்கேயே பாடமும் சொல்லிக்கொடுத்ததால படிக்கிற இடத்துக்கே அந்தப் பேர் வந்துச்சுங்கறது பரவலா சொல்லப்படுற விளக்கம். பள்ளிமடம் கதை வேற. அங்கே இருக்கிற சிவன் கோயில், சுந்தரபாண்டியன் பேர்ல அமைஞ்ச பள்ளிப்படைன்னு 10-ம் நூற்றாண்டு கல்வெட்டு சொல்லுது. அதாவது, இறந்த அரசனின் நினைவா எழுப்பின கோயில். ஒரே சொல்லுக்குள்ள சமணம், சைவம், இஸ்லாம், ஸ்கூல் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கு. இதைச் சொல்ல அஞ்சு நிமிஷம் போதும்.

பி.எட் படிக்கிறப்போ டீச்சிங் பிராக்டீஸுக்குப் போறவங்க, புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க, சாயங்காலம் தெருப் பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறவங்க... உங்க எல்லாருக்கும்தான் இது. வரலாற்று வகுப்புக்குத் திட்டம் போடுறதுன்னா பவர்பாயின்ட் ரெடி பண்றது இல்லை. கையில தொடுற மாதிரி ஒரு பொருள், அதை வெச்சு ஒரு கேள்வி. இந்த ரெண்டையும் முதல் நாள் ராத்திரியே முடிவு பண்ணிக்கிட்டா, மிச்ச வேலையைப் பசங்களே பார்த்துப்பாங்க.

குறண்டியில இருந்து மதுரை வரைக்கும்

‘பள்ளி’ கேள்விக்கு அடுத்த படி, காரியாபட்டிப் பக்கம் இருக்கிற குறண்டி. இன்னைக்கு பஸ்ல போறப்போ கவனிக்காமலே கடந்துடுற அளவுக்குச் சின்ன ஊர். ஆனா, மதுரைக்குப் பக்கத்துல கீழக்குயில்குடி சமணர் மலையில இருக்கிற 9, 10-ம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகள்ல இந்த ஊர் பேர் திரும்பத் திரும்ப வருது. வெண்பு நாட்டுக் குறண்டி, திருக்காட்டாம்பள்ளின்னு எழுதியிருக்கு. அங்கே இருந்த ஒரு துறவியோட பேர் அட்டோபவாசி. எட்டு நாள் உண்ணாநோன்பு இருந்தவர்னு அர்த்தம். அவரோட ‘மாணாக்கர்’ மலையில சிற்பம் செதுக்க வெச்ச செய்தி கல்லுல இருக்கு.

கவனிங்க, மாணாக்கர். ஆயிரம் வருஷம் முன்னாடி இந்த வறண்ட காட்டுக்குள்ள ஆசிரியரும் மாணவர்களும் இருந்திருக்காங்க. அந்த மாணவர்கள் மதுரை வரைக்கும் போய்த் தங்களோட குரு பேரைப் பாறையில வெட்ட வெச்சிருக்காங்க. ‘நம்ம ஏரியாவுல ஒண்ணுமே இல்லை’ன்னு பழகிப்போன பசங்களுக்கு இது சின்ன ஷாக்.

வகுப்புல என்ன பண்ணலாம்? கல்வெட்டு போட்டோ ஒண்ணு, அதோட வாசகத்தை இன்னைக்கு எழுத்துல டைப் பண்ண பேப்பர் ஒண்ணு. நாலு நாலு பேரா பிரிச்சுக் கொடுங்க. முதல்ல ஊர் பேரைத் தேடச் சொல்லுங்க. அடுத்து ஆள் பேர். மூணாவதா, ‘இதை எழுத வெச்சது யாரு, ஏன்?’ இதுக்கு 15 நிமிஷம் ஆகும். அப்புறம் புத்தகத்தைத் திறந்தா மகாவீரர் அந்நியமா தெரிய மாட்டார்.

தாத்தா சர்டிபிகேட்

ரெண்டாவது பொருள் வீட்டு பீரோவுலயே இருக்கு. தாத்தாவோட ஸ்கூல் சர்டிபிகேட்ல ‘இராமநாதபுரம் ஜில்லா’ன்னு இருக்கும். அண்ணனோ சித்தியோ 90-கள் தொடக்கத்துல வாங்கின சர்டிபிகேட்ல ‘காமராஜர் மாவட்டம்’. உங்களோடதுல ‘விருதுநகர் மாவட்டம்’. வீடு அதே இடத்துலதான் இருக்கு, மாவட்டம் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு. எப்படி?

1910-ல மதுரை, திருநெல்வேலி மாவட்டங்கள்ல இருந்து பகுதிகளைப் பிரிச்சு இராமநாதபுரம் மாவட்டம் உருவாச்சு. 1985-ல அது மூணாப் பிரிஞ்சப்போ நம்ம பக்கம் காமராஜர் மாவட்டம் ஆச்சு. 1969 ஜனவரி 14-ல மாநிலத்தோட பேரே தமிழ்நாடுன்னு மாறினதும் இந்தக் காகிதங்கள்ல தெரியும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் காலக்கோடு போட்டுப் பழகணும் இல்லையா, அதை இதுலயே பழகலாம்.

‘காமராஜர் மாவட்டம்’ ஏன் விருதுநகர் ஆச்சு? இங்கேதான் டீச்சர் கொஞ்சம் மூச்சு வாங்கணும். 1997-ல வீரன் சுந்தரலிங்கம் பேர்ல ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகம் அமைக்கிறதா அறிவிப்பு வந்தப்போ, இந்த மாவட்டத்துல பெரிய சாதிக் கலவரம் வெடிச்சது. அதுக்கப்புறம்தான் எல்லா மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள்ல இருந்தும் தலைவர்கள் பேரை அரசு எடுத்துடுச்சு. இதைச் சொல்லாம தாண்டிப் போகலாம், நிறைய பேர் அப்படித்தான் தாண்டுறாங்க. ஆனா, நீங்க சொல்லலைன்னா வாட்ஸ்அப் சொல்லும். யார் சொல்ற விதத்துல பசங்க மனசுல அது பதியணும்னு யோசிங்க.

ஒரு எச்சரிக்கை. பழைய பத்திரங்கள்ல ஆள் பேருக்குப் பக்கத்துலயே சாதிப் பேரும் இருக்கும். அதனால பத்திரத்தை அப்படியே கொண்டுவரச் சொல்லாதீங்க. தேதியும், மாவட்டமும், முத்திரையும் இருக்கிற பகுதியை மட்டும் பார்த்து எழுதிட்டு வரச் சொல்லுங்க. சில வீடுகள்ல பத்திரமே இருக்காது, ஏன்னா நிலமே கிடையாது. அந்தப் பசங்க தலை குனியாம இருக்கணும்னா ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, நெசவாளர் சங்கப் பாஸ்புக், அப்பத்தா சொன்ன கதை எல்லாமே ஆதாரம்தான்னு முதல்லயே சொல்லிடுங்க. ‘காகிதம் இல்லாதவங்களோட வரலாறு எங்கே இருக்கும்?’னு கேட்டா, நல்ல பதிலை கடைசி பெஞ்சுதான் சொல்லும்.

வாள் எமோஜியும் 1801-ம்

மருது சகோதரர்கள் நரிக்குடிப் பக்கத்து முக்குளத்தைச் சேர்ந்தவங்க. பத்தாம் வகுப்புல பாளையக்காரர் கிளர்ச்சிகள் தனிப் பாடமாவே இருக்கு. உள்ளூர் ஹீரோ கிடைச்சா கிளாஸ் களைகட்டும். ஆனா, அதே ஹீரோக்களை சாதிப் பாட்டும் வாள் எமோஜியும் போட்டு ரீல்ஸா பசங்க ஏற்கெனவே பார்த்துட்டாங்க. கையில சாதிக் கயிறு கட்டிட்டு ஸ்கூலுக்கு வர்ற ஊர்கள் தென் மாவட்டங்கள்ல இருக்கு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினாங்க. அதுக்கப்புறம் அரசு அமைச்ச நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூன்ல கொடுத்த அறிக்கையில கயிறு, வளையம் எல்லாத்தையும் தடை பண்ணணும்னு சொல்லிச்சு. ‘யார் எங்க ஆளு’ங்கற விளையாட்டுக்கு வரலாற்று வகுப்புல இடம் கொடுத்தா என்ன ஆகும்னு இதுக்கு மேல விளக்க வேண்டியதில்லை.

அதுக்காக மருதுவைத் தவிர்க்க வேண்டாம். 1801 ஜூன் 16-ம் தேதி சின்ன மருது வெளியிட்ட திருச்சி பிரகடனத்தை எடுங்க. திருச்சிக் கோட்டையிலயும் ஸ்ரீரங்கம் கோயில் மதில்லயும் ஒட்டப்பட்ட அறிவிப்பு அது. வகுப்பை மூணு குழுவாப் பிரிங்க. இது யாரை நோக்கி எழுதப்பட்டது? யார் மேல கோபம்? யாரை இது பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை?

முதல் கேள்விக்கான பதில்லயே பாடத்தோட உயிர் இருக்கு. அது ஒரு சாதிக்கான அறிவிப்பு இல்லை. நாலு வர்ணத்தாரையும் முஸ்லிம்களையும் பேர் சொல்லிக் கூப்பிடுது. ரெண்டாவது கேள்வியில, ஆங்கிலேயர்களோட சேர்த்து, அவங்களை உள்ளே விட்ட ஆற்காடு நவாபும் மாட்டுவார். மூணாவது கேள்விக்கான பதில் பொண்ணுங்க பக்கத்துல இருந்து சீக்கிரமே வரும்.

அதே வாரத்துல ஒரு ரீல்ஸைப் போட்டுக்காட்டி, ‘இவர் சொல்றதுக்கு ஆதாரம் என்ன?’ன்னு கேளுங்க. கல்வெட்டா, கடிதமா, யாரோ எழுதின நாவலா? சாதிப் பெருமை பேசாத ரீல்ஸா எடுங்க. கீழடியைப் பத்தியே தப்பும் தவறுமா ஏகப்பட்டது கிடக்கு. யாரும் புண்படாத விஷயத்துல கேள்வி கேட்டுப் பழகினவங்க, மத்ததுலயும் தானாவே கேட்பாங்க.

போர்ஷன் முடிய வேண்டாமா?

நியாயமான கேள்வி. எல்லா வகுப்பையும் இப்படி எடுக்க முடியாது. பத்துல ஒண்ணு போதும். 45 நிமிஷத்துல பாதியைப் பொருளுக்கும் கேள்விக்கும் கொடுங்க, மீதியில புத்தகத்தை நடத்துங்க. கடைசி அஞ்சு நிமிஷம் நாலு வரி எழுதச் சொல்லுங்க.

இது நகரத்துப் பெரிய ஸ்கூல் சமாச்சாரமும் இல்லை. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துல, திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில 2010-ல தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கினார் ஆசிரியர் வே.இராஜகுரு. அங்கே படிச்ச பிள்ளைங்க கல்வெட்டு வாசிக்கக் கத்துக்கிட்டாங்க. ஊரைச் சுத்திக் கிடந்த பானை ஓடுகளை அடையாளம் கண்டாங்க.

வெளியே கூட்டிட்டுப் போறதா இருந்தா தை, மாசியில போங்க. பங்குனி பிறந்துட்டா நம்ம ஊர் வெயில் பிள்ளைங்களைச் சுருட்டிடும். ஹெச்.எம் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, கண்மாய்க் கரைன்னா கட்டாயம் செருப்பு, ஏன்னா சீமைக்கருவேல முள். (‘சீமை’ன்னு ஏன் பேருன்னு போற வழியில கேளுங்க, அதுவும் ஒரு பாடம்.) கல்வெட்டு மேல சாக்பீஸ், எண்ணெய் எதுவும் தேய்க்க விடாதீங்க. ஒருத்தர் போன் டார்ச்சைக் கல்லோட ஒட்டினாப்ல பக்கவாட்டுல பிடிக்க, இன்னொருத்தர் நேரா நின்னு போட்டோ எடுத்தாலே எழுத்து நிழலோட எழுந்து நிக்கும்.