திருமண ஏற்பாட்டில் எது முதல்?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம் முன்னோர் வாக்கு. இரண்டும் பெருஞ்செலவு பிடிப்பவை, இரண்டும் நினைத்த நாளில் முடியாதவை என்பதனால் இவற்றை இணைத்துச் சொன்னார்கள். ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. வீடு கட்டுவோர் எவரும் கூரையிலிருந்து தொடங்குவதில்லை. அடித்தளம் இட்டு, சுவர் எழுப்பி, பிறகே கூரைக்குப் போகிறார்கள். திருமணத்திலோ நம்மில் பலர் கூரையைத்தான் முதலில் எண்ணுகிறோம். மண்டபம் எது, பந்தல் எப்படி, நகை எத்தனை பவுன் என்ற கேள்விகள் முதலில் எழுகின்றன. மணமக்களின் வயது, விருப்பம், உடல்நலம், குடும்பத்தின் கையிருப்பு ஆகியவை பின்னுக்குப் போய்விடுகின்றன. இந்த வரிசையை நேராக்கிக் கொள்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது தருமபுரி மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பின்னும் இது பெரிதும் உழவர் மாவட்டமாகவே இருந்து வருகிறது. கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் வானத்தை நம்பி விளைபவை. ஆதலின் இங்கே திருமணக் காலத்தைப் பஞ்சாங்கம் மட்டும் நிர்ணயிப்பதில்லை. களத்து மேடும் நிர்ணயிக்கிறது. ஆடியும் மார்கழியும் பொதுவாக விலக்கப்படுபவை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை, மாசி மாதங்களையே பல குடும்பங்கள் நாடுகின்றன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்ற உறவினர் பொங்கலுக்கு ஊர் திரும்புவதும் அப்போதுதான். இப்படி எல்லாரும் ஒரே சில நாட்களைத் தேடுவதால் மண்டபத்திற்குப் போட்டி ஏற்படுகிறது. மண்டபம் கிடைத்த நாளே முகூர்த்த நாள் என்ற நிலை வந்துவிடுகிறது. நாள் உறுதியான பின் மற்றவற்றை எல்லாம் அந்த நாளுக்குள் திணிக்கிறோம். அவசரத்தில் முதலில் நசுங்குவது பெண்ணின் வயது.

ஆகவே முதற்படி வயதே. இதனை நாடு இன்று நேற்று எண்ணத் தொடங்கவில்லை. சாரதா சட்டம் என்று பெயர் பெற்ற குழந்தை மணத் தடைச் சட்டம் 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வயது வரையறுக்கப்பட்டது. 1978இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என உயர்த்தப்பட்டது. பழைய சட்டத்தின் இடத்தில் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்து, 2007 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி குழந்தை மணத்தை நடத்துவோர்க்கும் அதற்குத் துணை நிற்போர்க்கும் ஈராண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். பெற்றோரும் இதற்கு விலக்கல்லர். அப்படியொரு மணம் நடக்கவிருப்பதை அறிந்தவர் 1098 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம். நீதிமன்றம் தடையாணை பிறப்பித்த பின்னும் நடத்தப்படும் அத்தகைய மணம் செல்லாது.

சட்டம் இருந்தும் பள்ளிப் பருவத்துப் பெண்ணுக்கு மணம் பேசும் வழக்கம் நம் மாவட்டத்தில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அதற்குப் பெற்றோர் சொல்லும் காரணங்களைப் பழித்து ஒதுக்குவதில் பயனில்லை. கேட்டு விடை சொல்வதே முறை. வேலை தேடி வெளியூர் போகும் தாய் தந்தையர், வளர்ந்த பெண்ணை யார் பொறுப்பில் விடுவது என்று அஞ்சுகிறார்கள். தாய்மாமன், அத்தை மகன் என்று உரிமை உள்ள இடம் கைநழுவிப் போகுமோ என்று சிலர் கவலைப்படுகிறார்கள். பெண் மேலும் படித்தால் அதற்கேற்ற மாப்பிள்ளைக்கு மேலும் செலவாகும் என்று கணக்குப் போடுவோரும் உண்டு. அச்சத்திற்கு மருந்து விடுதியும் பள்ளியும். அவசரமான தாலி அன்று. உரிமை உள்ள உறவு உண்மையான உறவானால், பெண் பதினெட்டைக் கடக்கும் வரை காத்திருக்கும். செலவுக் கணக்கைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

அரசின் உதவித் திட்டம் ஒன்றும் இவ்வகையில் வழி மாறியிருப்பது கருதத்தக்கது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் தொடங்கிய திட்டம் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு நிதி வழங்கியது. 2011 முதல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல் அது உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் என்பது அதன் புதிய வடிவம். மணநாளில் ஒருமுறை கிடைத்த பொன், படிக்கும் மாதந்தோறும் கிடைக்கும் துணையாகிவிட்டது.

இரண்டாம் படி விருப்பமும் உடல்நலமும். பெண் பார்க்கும் நாளில், சபையில், தலை குனிந்து நிற்கும் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பது கேள்வியாகாது. தாயோ அத்தையோ தனியே, மறுக்கவும் இடம் தந்து கேட்க வேண்டும். மகனிடமும் அவ்வாறே. நெருங்கிய உறவில் மணம் பேசுவோர் மருத்துவரை முன்னரே கலந்துகொள்வது நன்று. அத்தகைய மணத்தில் சில பரம்பரை நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்புக் கூடுதல் என்று மருத்துவ அறிவு கூறுகிறது. பெண்ணுக்கு இரத்தச் சோகை உண்டா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதித்தறியலாம். அதைத் தீர்க்கச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதால், பட்டுப் புடவை எடுப்பதற்கு முன்னரே இதைச் செய்துவிட வேண்டும்.

மூன்றாம் படி பணம். ஒரு குறிப்பேட்டை எடுத்து, கையில் உள்ள தொகையை முதற்பக்கத்தில் எழுதுக. செலவை அதற்கு அடுத்த பக்கத்தில் எழுதுக. நம் வழக்கமோ செலவை முதலில் எழுதி, குறையும் தொகைக்குக் கடன் தேடுவது. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால் சிறிதாகத் தோன்றும். ஓர் இலட்சம் ரூபாய்க்கு அது ஆண்டுக்கு 36,000 ரூபாய். அசல் அப்படியே நிற்க, மூன்றாண்டில் வட்டி மட்டும் அசலைத் தாண்டிவிடும். ஒரு நாள் விருந்திற்காகக் காட்டை அடகு வைத்தவர், மீட்பதற்கு எத்தனை விளைச்சல் வேண்டும் என்று அன்றே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

மொய்ப் பணத்தை வரவாக எழுதுவோர் பலர். மொய் வருமானமன்று, வட்டியில்லாக் கடன். எழுதியவர் வீட்டு விசேடத்தில் திருப்பிச் செய்யவேண்டியது. அதனை நம்பிச் செலவை உயர்த்தினால், அடுத்த சில ஆண்டுகள் பிறர் வீட்டுத் திருமணங்களுக்காக நாம் உழைக்க நேரும். மொய்யைத் தனியே வைத்து, முடிந்தவரை கடனை அடைக்கவே பயன்படுத்துவது அறிவுடைமை.

நகையில் 22 காரட் என்பதற்கு 916 முத்திரை அடையாளம். தர முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. 2023 ஏப்ரல் முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகளைக் கொண்ட அடையாளமும் நகையில் இருத்தல் வேண்டும். செய்கூலி, சேதாரம் இவற்றைத் தனித்தனியே குறித்த இரசீதைக் கேட்டு வாங்குக. பட்டிலும் அவ்வாறே. பட்டுக்கூட்டிற்கு அரசு அங்காடி உள்ள தருமபுரியில் வாழும் நமக்குப் பட்டின் உழைப்புத் தெரியும். உண்மைப் பட்டுக்கு உரிய முத்திரை அட்டையைப் பார்த்தே வாங்க வேண்டும்.

வரதட்சணையைக் கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம் என்கிறது 1961ஆம் ஆண்டின் சட்டம். கேளாமலே அன்பாகத் தரும் சீருக்கும் ஒரு முறை உண்டு. 1985இல் வகுத்த விதிகளின்படி, பரிசுகளின் விவரம், மதிப்பு, தந்தவர் பெயர், உறவு ஆகியவற்றைப் பட்டியலிட்டு மணமக்கள் கையொப்பம் இட வேண்டும். மொய் நோட்டை அத்தனை கவனமாக எழுதும் நாம், பெண்ணின் உடைமைக்கான இந்தப் பட்டியலை எழுதுவதில்லை. இனியேனும் எழுதுவோம்.

வயது, விருப்பம், பணம் ஆகிய மூன்றும் தேறிய பின்னரே நாள் குறிக்க வேண்டும். அதன்பின் வேலைகள் தாமே வரிசைப்படும். ஐந்தாறு மாதம் முன்னதாக மண்டபமும் சமையற்காரரும். மூன்று மாதம் முன்னதாக நகையும் துணியும். ஒன்றரை மாதம் முன்னதாகப் பத்திரிகை. பத்திரிகை எண்ணிக்கை வேறு, இலை எண்ணிக்கை வேறு என்பதை மறவாதீர்கள். ஒரு பத்திரிகைக்கு இரண்டு மூன்று இலை விழும். நூறு பேருக்கு ஏறக்குறைய 10 கிலோ அரிசி என்பது சமையற்கட்டுக் கணக்கு. சித்திரை, வைகாசியில் மணம் வைப்போர் மண்டபத்தில் கிணறு வற்றாதா, குடிநீருக்கு என்ன வழி என்பதை நேரில் பார்த்தே முன்பணம் தர வேண்டும். முன்பணத்திற்கு இரசீதும், நாள் மாறினால் எவ்வளவு திரும்பும் என்ற குறிப்பும் பெற்றுக்கொள்க.

பதிவு என்பதும் ஏற்பாட்டின் ஒரு பகுதியே. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் முதல் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். மணநாளிலிருந்து 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் 150 நாள் வரை இடமுண்டு. வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், அழைப்பிதழ் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு முன்னரே வைத்துவிட்டால் பிறகு அலைய வேண்டியதில்லை. புரோகிதர் நடத்தினாலும், 1967இல் தமிழ்நாடு சட்டமாக்கிய சுயமரியாதை முறையில் நடந்தாலும், பதிவு இரண்டிற்கும் பொதுவே.

செலவுக் கணக்கைப் பின்னர்ப் பேசுவோம் என்றேன். பெண்ணைச் சுமையாகக் கருதிய கொடுமை நம் பகுதியில் எவ்வளவு தூரம் சென்றது என்பதை நாம் அறிவோம். பெண் சிசுக்களைக் காக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. என்றோ வரப்போகும் திருமணச் செலவை எண்ணி, பிறந்த அன்றே பெண்ணை வெறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களை அச்சுறுத்தியதில் அயலார் நடத்திய ஆடம்பரத் திருமணங்களுக்கும் பங்குண்டு. வசதி படைத்தவர் ஒருவர் பெருமைக்காகச் செய்யும் செலவு, எதிர்வீட்டு ஏழைக்கு அளவுகோலாகிவிடுகிறது. ஆதலின் அளவோடு நடத்தும் திருமணம் சொந்தப் பையைக் காப்பதோடு நிற்பதில்லை. அந்தத் தெருவில் இனிப் பிறக்கப்போகும் பெண் குழந்தைக்கும் அது வரவேற்புச் சொல்கிறது.

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். விதை முற்றியதா, மண் பதமா என்று பார்த்த பிறகே உழவன் விதைக்கிறான். வயதும் விருப்பமும் அந்த விதை. கடனில்லாக் குடும்பம் அந்த மண். இவற்றை முதலில் பார்த்துவிட்டு, மண்டபத்தைப் பிறகு தேடுவோம்.