ஸ்லைடரை நகர்த்தினால் வரைபடம் ஏன் மாறுகிறது?

ஆர் மொழியில் செயலி கட்டப் பழக ஷைனிதான் நல்ல வாசல். 2012-இல் வந்த தொகுப்பு இது. ஆர்ஸ்டூடியோவில் புதிய ஷைனி செயலியைத் திறந்தாலே இயங்கத் தயாரான மாதிரி ஒன்று கிடைக்கும். அதில் வருவது, அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் பீறிடும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று, ஒரு பீறிடலுக்கும் அடுத்ததற்கும் இடையே எடுத்துக்கொண்ட நிமிடங்கள்; மொத்தம் 272 பதிவுகள், ஹிஸ்டோகிராம் எனும் பட்டை வரைபடமாக.

எத்தனை பட்டைகளாக வகுப்பது என்பதைத் தீர்மானிக்கும் ஸ்லைடர் 30-இல் நிற்கும். அதை 2-க்கு இழுத்துப் பாருங்கள். 55, 80 நிமிடங்களை ஒட்டித் தெரிந்த இரண்டு மேடுகளும் நடுப்பள்ளமும் மறைந்து, இரண்டே பட்டைகள் மிஞ்சும். தரவு மாறவே இல்லை. வகுத்த விதம் மட்டுமே மாறியது. புள்ளியியல் படிப்பவர் எல்லோரும் இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

எப்படி நடக்கிறது? வரையும் பகுதிக்குள் ஸ்லைடரின் மதிப்பைப் படித்த உடனேயே, இந்தப் படம் அதைச் சார்ந்தது என்று ஷைனி குறித்துக்கொள்கிறது. மதிப்பு மாறினால் பழைய படம் காலாவதி. எக்செல் சூத்திரம் போல, சார்ந்த பகுதி மட்டும் மறுபடி ஓடும். "மாறினால் திரும்ப வரை" என்று நாம் எங்கும் எழுதுவதில்லை.

அதனால்தான் பெரிய கோப்பைத் திறக்கும் வரியை வரையும் பகுதிக்குள் வைக்கக் கூடாது. வைத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் கோப்பு புதிதாகத் திறக்கும். வரையும் பகுதியை உள்ளடக்கிய சர்வர் பகுதிக்கும் வெளியே, நிரலின் மேலே வையுங்கள்.