ரேடியாலஜி படிக்கப்போகிறீர்களா? பணம் கட்டும் முன் எக்ஸ்ரே அறையை எட்டிப் பாருங்கள்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், 'ஆறே மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன், வேலை உறுதி' என்று நோட்டீஸ்கள் கைக்கு வந்துவிடும். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் மகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இது பெரிய ஆசைதான். பக்கத்தில் ஏனாத்தூரில் மீனாட்சி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வேலைக்குப் பஞ்சமிருக்காது என்று தோன்றும். ஆனால், நகையை அடகு வைப்பதற்கு முன் சில விஷயங்களை விசாரித்தே ஆக வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பம். ஸ்கேன் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட்; எம்.பி.பி.எஸ் முடித்து மேற்படிப்பு படித்த டாக்டர். எக்ஸ்ரே, சி.டி, எம்.ஆர்.ஐ மெஷின்களை இயக்குபவர் டெக்னாலஜிஸ்ட். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்க வேண்டுமானால் அது ரேடியோதெரபி, தனிப் படிப்பு. கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்க டெக்னீஷியனுக்குச் சட்டத்தில் இடமில்லை. 'அதையும் கற்றுத்தந்து தனியாக சென்டர் வைக்க வழிசெய்கிறோம்' என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

தேர்தலில் நிற்பவரின் வயதையும் கணக்கு வழக்கையும் விசாரித்த குடவோலைக் கல்வெட்டு உத்திரமேரூரில்தான் இருக்கிறது. கல்லூரியையும் அப்படியே விசாரியுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகமா, நிகர்நிலைப் பல்கலைக்கழகமா, வெறும் டிரஸ்ட்டா? துணை மருத்துவப் படிப்புகளுக்கென்று 2021-ல் மத்திய சட்டமே வந்துவிட்டது. அதன் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் அறிவித்தது. 'வீட்டிலிருந்தே படிக்கலாம்' என்பது இனி செல்லாது.

குறைந்த கட்டணம் என்றால் அரசுக் கல்லூரிதான். சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவத் தேர்வுக் குழு, துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கவுன்சலிங் நடத்திவருகிறது. விதிகள் மாறலாம் என்பதால் அந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934-ல் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியக்க நிலையம் இன்றும் மாணவர்களைப் பயிற்றுவிக்கிறது.

தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மெஷின் சொந்த மருத்துவமனையில் இருக்கிறதா, அங்கே தினமும் நோயாளிகள் வருகிறார்களா என்று பாருங்கள். கூட்டமில்லாத மருத்துவமனையில் மாணவர் பட்டனைத் தொடாமலே படிப்பு முடிந்துவிடும். இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, 'நீயே எத்தனை எக்ஸ்ரே எடுத்திருக்கிறாய்? டி.எல்.டி பேட்ஜ் கொடுத்தார்களா?' என்று கேளுங்கள். உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் சின்ன அட்டை அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். பயிற்சியில் அதைக் கொடுக்காத இடம் மாணவரின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாத இடம்.

'இந்த வேலைக்குப் போனால் குழந்தை பிறக்காதாமே' என்ற பயம்தான் பல பெண்களின் விண்ணப்பத்தைக் கிழிக்கிறது. எம்.ஆர்.ஐ-யில் எக்ஸ்ரே கதிர்வீச்சே கிடையாது. மற்ற இடங்களில் தடுப்புச் சுவரும் ஈய ஏப்ரனும் இருக்கின்றன. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால், பிரசவம் வரை சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதபடி நிர்வாகம் பணியை மாற்றித் தர வேண்டும்.