இரத்தம் முன்கூட்டிச் சொல்வது

மலாக்கா நகரிலிருந்து தூரியான் துங்கல் போகும் பாதையில் இருக்கும் குருபோங்கை இன்று காண்கிறவர், தொழிற்சாலைக் கூரைகளையும் வரிசை வரிசையான தாமான் வீடுகளையும் பார்த்துவிட்டு, மலாயாவில் வாணிகத்திற்காக ரப்பர் முதன்முதலில் நடப்பட்டது இந்த மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில், 1896ஆம் ஆண்டில், என்பதையும், அதன் பின் கப்பலேறி வந்த தமிழர் தலைமுறை தலைமுறையாக, இருட்டு விலகுமுன்னே பெரட்டுக்கு நின்று, பால்வாளி சுமந்து, மேடு பள்ளம் ஏறியிறங்கி, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி ஜீவனம் செய்தார்கள் என்பதையும் எளிதில் ஊகித்துவிட இயலாது. அந்த நடை இப்போது இல்லை. பேரன் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறான், அல்லது காவற்கூண்டில் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறான். பாட்டன் தன் உழைப்பாலே எரித்துத் தீர்த்த அதே அளவு சோற்றையும், கட்டிப்பால் ஊற்றிய அதே தேநீரையும் மட்டும் அவன் விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறான்.

இதன் விளைவு அரசாங்கக் கணக்கிலேயே பதிவாகியிருக்கிறது. மலேசிய சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, பதினெட்டு வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் தனியே எடுத்தால் அது நூற்றுக்கு 31 ஆயிற்று. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் சராசரி 15.6 சதவீதமாகக் குறைந்தது என்றாலும், நோயுள்ள ஐவரில் இருவருக்குத் தமக்கு நோயிருப்பதே தெரியவில்லை என்ற செய்தியும் உடன் வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஜிலேபியை வாங்கிக்கொண்டே, “எனக்கு இனிப்பு நீர் இல்லை தம்பி, போடர்லைன்தான்” என்று சந்தோஷமாகச் சொல்லும் பெரியவர்களை நம்மில் யார்தான் கண்டதில்லை! அவர்கள் சந்தோஷப்படுகிற அந்த நிலையைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் எண்களைத் தெரிந்துகொள்வோம். இரவு முழுவதும் ஒன்றும் உண்ணாதிருந்து காலையில் எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரையின் அளவு, இந்நாட்டு வழக்கப்படி மில்லிமோல் கணக்கில், 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு, 6.1 முதல் 6.9 வரை இருந்தால் அதற்கு முந்திய கட்டம். (தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் தொலைபேசியில் நூற்றிருபது, நூற்றைம்பது என்று சொன்னால் திகைக்க வேண்டாம், நம் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும்.) இரண்டாவது பரிசோதனையை நம் பெண்களில் அநேகர் கர்ப்ப காலத்தில் அனுபவித்தே அறிவார்கள். வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குப் போய் ஒருமுறை இரத்தம் கொடுத்து, எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ் கரைத்த, குமட்டும்படி தித்திக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, பெஞ்சியில் இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் கையை நீட்டவேண்டும். கர்ப்பமில்லாதவர்களுக்கு அந்த இரண்டாவது அளவு 7.8க்குக் கீழே நின்றால் சரி; 11.1ஐத் தொட்டால் நோய். இடைப்பட்டதெல்லாம் அபாயப் பகுதி. கர்ப்பத்தில் சர்க்கரை கண்டு, பிள்ளை பிறந்ததும் அது மறைந்துவிட்டது என்று மறந்துபோகிற தாய்மார்களுக்கு, பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துகிற தாய், தன் இரத்த அறிக்கையை மட்டும் எங்கேயோ போட்டுவிடுகிறாள்.

மூன்றாவது பரிசோதனையின் பெயர் எச்பிஏ1சி. 1960களின் இறுதியில், தெஹ்ரானில் ஹீமோகுளோபின் வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்த சாமுவேல் ராபார் என்னும் மருத்துவ விஞ்ஞானி, நீரிழிவு நோயாளிகளின் இரத்தத்தில் மட்டும் ஒரு வகை மிகுந்திருப்பதைக் கண்டார். இரத்தத்தில் ஓடும் சர்க்கரை சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினோடு மெல்ல ஒட்டிக்கொள்ளுகிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்களாகையால், எத்தனை பங்கு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சோதனை ஒருநாள் பெரட்டில் ஆள் வந்தானா என்று பார்ப்பதைப் போன்றதென்றால், இது மூன்று மாதச் செக்ரோல் புத்தகத்தையே புரட்டிப் பார்ப்பதாகும்; கிளினிக்குக்குப் போவதற்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து டாக்டரை ஏமாற்றும் உபாயம் இதனிடம் பலிக்காது. உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் இதனை நோய் நிர்ணயத்துக்கு ஏற்று, 6.5 சதவீதம் என்று எல்லை வகுத்தது. மலேசிய வழிகாட்டி இன்னும் கண்டிப்பாக 6.3 என்கிறது. 5.7இலிருந்தே எச்சரிக்கை தொடங்கிவிடுகிறது. ஆயினும் இரத்தசோகையுள்ளவர்களுக்கும், தலசீமியா பரம்பரையில் உள்ளவர்களுக்கும் இந்த எண் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், அவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் சர்க்கரை ஏறத்தொடங்கிய பின் தெரிபவை. அதற்கும் முன்னே, சர்க்கரை ஒழுங்காகவே இருக்கும் காலத்தில், இரத்தம் ஏதேனும் சொல்லுகிறதா? அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நெடுங்காலமாக நடந்துவரும் ஆராய்ச்சியில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னே ஆரோக்கியமாக இருந்தபோது எடுத்து உறையவைத்த இரத்தத்தை மீண்டும் வெளியே எடுத்து, பின்னாளில் நீரிழிவுக்கு ஆளான 189 பேரையும், வயதிலும் எடையிலும் அவர்களை ஒத்தும் நோய்க்கு ஆளாகாத 189 பேரையும் ஒப்பிட்டார்கள். ஐசோலூசின், லூசின், வாலின், டைரோசின், ஃபினைல்அலனின் என்னும் ஐந்து அமினோ அமிலங்கள், நோய் வந்தவர்களின் பழைய இரத்தத்தில் அப்போதே உயர்ந்திருந்தன. அவற்றுள் மூன்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, உச்சக் கால்பங்கில் இருந்தவர்களின் அபாயம் அடிக் கால்பங்கினரைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. 2011இல் வெளியான முடிவு இது.

வெள்ளைக்காரர் இரத்தத்தில் கண்டது நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு விடை நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, சிங்கப்பூரில் பருமனில்லாத சீன, இந்திய ஆடவர்களை ஆராய்ந்தவர்கள், இன்சுலினுக்குச் சரீரம் செவிசாய்க்க மறுக்கும் நிலையோடு இதே வகை அமிலங்கள் சேர்ந்தே உயர்வதைக் கண்டிருந்தார்கள். நம் நாட்டிலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2006 முதல் 106,527 பேரைச் சேர்த்து, அவர்களின் இரத்தத்தைச் சேமித்துவைத்துப் பின்தொடர்ந்து வருகிறது. இந்த அமிலங்கள் பருப்பிலும் மீனிலும் பாலிலும் இருப்பவை என்று படித்ததும் பருப்பை நிறுத்திவிடத் துணியும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: தசையும் கொழுப்பும் இன்சுலினின் பேச்சைக் கேளாதபோது இவை வழக்கம்போல் எரிவதில்லை, அதனாலேயே இரத்தத்தில் தேங்குகின்றன. தட்டில் இருக்கும் பருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த அமிலச் சோதனை இன்றைய நிலையில் ஆராய்ச்சிக் கூடத்துக்கு உரியது. இதை விலைகொடுத்துச் செய்துகொள்ள வேண்டுமென்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பலநூறு வெள்ளி வாங்கிக்கொண்டு பக்கம் பக்கமாக அறிக்கை தரும் ‘பேக்கேஜ்’களில் பெரும்பகுதி வீண் ஆடம்பரம் என்பதே என் எண்ணம். ஏனெனில், நாம் ஏற்கெனவே எடுத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கும் சாதாரண இரத்த அறிக்கையிலேயே, டிரைகிளிசரைடு ஏறியும், நல்ல கொழுப்பாகிய எச்டிஎல் இறங்கியும், கல்லீரல் என்சைம்கள் சற்றே உயர்ந்தும் இருக்குமானால், சர்க்கரை ஏறுவதற்குமுன் வயிற்றுக்குள்ளே கொழுப்பு சேர்ந்துவிட்டதற்கு அவையே சாட்சி. “நான் ஒல்லிதானே” என்ற சமாதானமும் செல்லாது. லண்டன் டாக்டர் யட்கினும் புனே டாக்டர் யாஜ்னிக்கும் 2004இல் தங்கள் புகைப்படத்தையே மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3, ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஆகையால் தராசைவிட இடுப்பைச் சுற்றும் தையற்காரர் நாடாவே நமக்குச் சரியான கருவி. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது.

போடர்லைன்காரருக்கு வருவோம். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், அந்தக் குளுக்கோஸ் தண்ணீர்ப் பரிசோதனையில் இடைப்பட்ட நிலையில் நின்ற 531 பேரைச் சேர்த்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான பொதுப்புத்திமதியோடு விட்டுவிடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் மூன்றே ஆண்டுகளுக்குள் முழு நோயாளிகளானார்கள். “போடர்லைன்தான்” என்னும் அந்தச் சந்தோஷத்துக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை. ஆகாரத்தைத் திருத்தி, அன்றாடம் வேகமாக நடந்தவர்களிடையே அந்தத் தொகை 39 ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடமும் ஏறக்குறைய அவ்வளவே, நடையும் மாத்திரையும் சேர்ந்தவர்களிடமும் அவ்வளவே. நூற்றில் பதினாறு பேர் தப்பினார்கள் என்பது சிலருக்குச் சிறிதாகத் தோன்றலாம். அந்தப் பதினாறு பேரில் ஒருவராக இருக்கும் வாய்ப்பை, காலணியை மாட்டிக்கொண்டு நடப்பதைத் தவிர வேறு செலவில்லாமல் பெறலாமென்றால், அதை வேண்டாமென்பது புத்தியுள்ளவர் செய்கை அன்று.

பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இனிப்பு நீர் இருந்தால், முப்பது வயதிலேயே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் எச்பிஏ1சியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வரும் எண்ணைத் தேதியோடு எழுதிவைத்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பாருங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே டாக்டரைப் பார்க்க ஒரு வெள்ளிதான் கட்டணம்.