திரும்பித் திரும்பி வந்த கட்டுரை

ஈரோட்டில் பிறந்த கணித மேதையின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சேறிய கதை

கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்திலோ பாரதியார் பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சி செய்யும் மாணவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சோதனை செய்வதும் கணக்குப் போடுவதும் பாதி வேலைதான் என்பார். கண்டதை எழுத வேண்டும். எழுதியதை ஆராய்ச்சிச் சஞ்சிகைக்கு அனுப்ப வேண்டும். அது "தெளிவில்லை, திருத்தி எழுதுக" என்ற குறிப்போடு திரும்பி வந்தால், மறுபடியும் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து எழுத வேண்டும். கட்டுரை திரும்பி வந்த அன்று அவருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவருக்குச் சொல்ல ஆறுதலான கதை ஒன்று கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச ராமானுஜனின் முதல் கட்டுரையும் இப்படித் திரும்பி வந்ததுதான். ஒரு முறை அல்ல, பல முறை!

அமீனாவின் பேரன்

ராமானுஜன் என்றதும் எல்லோரும் கும்பகோணத்தைத்தான் சொல்வார்கள். வளர்ந்ததும் படித்ததும் அங்கேதான். ஆனால் பிறந்தது ஈரோடு. 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி, தாய் கோமளத்தம்மாளின் பிறந்தகத்தில் பிறந்தார். பாட்டனார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனா. அப்போது ஈரோடு கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த ஊர்.

தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. கைக்கும் வாய்க்கும் எட்டாத குடும்பம். பையனுக்கோ கணக்கைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் பலகையில் சாக்குக் கட்டியால் கணக்குப் போடுவார். பலகை நிறைந்ததும் முழங்கையால் துடைத்து விடுவார். முடிவு மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். நடுவில் வந்த படிகளெல்லாம் முழங்கையோடு போய்விடும்.

1903-ல் அவர் கைக்குக் கிடைத்த ஒரு புத்தகமும் இந்தப் பழக்கத்துக்குத் தூபம் போட்டது. கார் என்ற ஆங்கிலேயர் பரீட்சை மாணவர்களுக்காகத் தொகுத்த நூல் அது. சுமார் ஐயாயிரம் கணித முடிவுகள், ஒன்றன்பின் ஒன்றாக. நிரூபணம் என்று பார்த்தால் பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் ஒரு வரிதான். கணிதம் எழுதுவது என்றால் இப்படித்தான் போலும் என்று பையன் எடுத்துக்கொண்டதில் வியப்பென்ன?

நோட்டுப் புத்தகமே சிபாரிசு

கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறினார். கும்பகோணத்தில் உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. பரீட்சை கைகூடவில்லை. 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. பட்டம் இல்லாத வாலிபருக்கு யார் உத்தியோகம் தருவார்கள்?

1910-ல் அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவரே. ராமானுஜன் கேட்டதோ ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயர், இப்படிப்பட்டவரை ரெவினியூ இலாகாவின் அடிப்படியில் உட்கார வைத்து வீணடிக்க மனம் வராமல், சென்னையில் பேராசிரியர் சேஷு ஐயரிடம் அனுப்பி வைத்தார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் அறிமுகம். ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார்.

எத்தனை நாளைக்குப் பிறர் தயவில் சாப்பிடுவது? பட்டமோ இல்லை. அச்சில் வந்த ஆராய்ச்சி ஒன்றுதான் இனி அவருக்குச் சான்றிதழ் ஆக முடியும்.

வர்க்கமூலப் புதிர்

கணிதச் சங்கத்தின் சஞ்சிகை 1909-ல் தொடங்கியது. பங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் அதன் ஆசிரியர். சேஷு ஐயர் மூலமாக ராமானுஜன் முதலில் அனுப்பியது கட்டுரை அல்ல; வாசகர்களுக்குச் சில புதிர்க் கணக்குகள். 1911-ல் வந்த ஒன்று பிரசித்தமானது. ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று முடிவில்லாமல் போகும் தொடர். அதன் மதிப்பு என்ன என்பது கேள்வி. மூன்று இதழ்கள் வந்தன, விடை வரவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

வழி எளிதுதான். 3 என்பது 9-ன் வர்க்கமூலம். 9 என்பது 1-ம் 8-ம் சேர்ந்தது. 8 என்பது இரு நான்கு. அந்த 4, 16-ன் வர்க்கமூலம். 16 என்பது 1-ம் 15-ம். 15 என்பது மூவைந்து. அந்த 5, 25-ன் வர்க்கமூலம். 25 என்பது 1-ம் 24-ம். 24 என்பது நாலாறு. இப்படியே போகலாம், முடிவே இல்லை.

அழகாக இருக்கிறது அல்லவா? ஆனால் கண்டிப்பான வாத்தியார் ஒருவர் இங்கே குறுக்கிடுவார். "3-க்குப் பதிலாக 4-ஐ வைத்துத் தொடங்கு. 4 என்பது 16-ன் வர்க்கமூலம். 16 என்பது 1-ம், இரண்டு ஏழரையும். அந்த ஏழரையையும் இதே மாதிரி பிரித்துக்கொண்டே போகலாமே! அப்போது விடை 4 ஆகிவிடாதா?" ஆகாது; விடை 3 தான். ஆனால் ஏன் ஆகாது என்று காட்ட இன்னும் ஒரு படி தேவை. அந்தப் படியை ராமானுஜன் எழுதவில்லை. இத்தகைய தொடர்கள் எப்போது ஒரு மதிப்பில் நிலைகொள்ளும் என்பதற்கு டி. விஜயராகவன் கண்ட விதி, 1927-ல் வெளியான ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் பின்னிணைப்பில்தான் சேர்ந்தது.

ஆசிரியர் பட்ட பாடு

அதே 1911-ல் முழுநீளக் கட்டுரை ஒன்றும் பங்களூருக்குப் போயிற்று. பெர்னோலி எண்களின் சில இயல்புகள் என்பது அதன் பொருள். ஒன்றிலிருந்து ஆயிரம் வரை உள்ள எண்களின் வர்க்கங்களையோ, கனங்களையோ, அதற்கு மேற்பட்ட அடுக்குகளையோ சுருக்கு வழியில் கூட்ட உதவும் எண்கள் இவை. சுவிட்சர்லாந்துக்காரரான யாக்கோபு பெர்னோலி, முதல் ஆயிரம் எண்களின் பத்தாம் அடுக்குகளை அரைக்கால் மணி நேரத்தில் கூட்டி முடித்ததாகப் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார். அவர் காலமான பிறகு 1713-ல் வெளிவந்த நூலில் இதைக் காணலாம். ஆறில் ஒன்று, முப்பதில் ஒன்று, நாற்பத்திரண்டில் ஒன்று என்று பின்னங்களாகப் போகும் இந்த எண்களில் ராமானுஜன் ஆழ்ந்திருந்தார்.

நாராயண ஐயங்கார் பிரதியைப் படித்தார். சரக்கு உயர்ந்தது என்று தெரிந்தது. ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஆள் தாண்ட முடியாத பள்ளம்! சாதாரண வாசகரால் பின்தொடர முடியாத அளவுக்குச் சுருக்கம், தெளிவின்மை என்று சங்கத்தாரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்கள். பிரதி ஒரு முறைக்கு மேல் திரும்பியது; மூன்று முறை என்றும் சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஆசிரியரைத்தான் பாராட்டத் தோன்றுகிறது. பட்டமில்லாத, பேர் தெரியாத ஓர் ஆளின் பிரதி. குப்பைக் கூடையில் போட்டிருந்தால் கேட்பார் யார்? அவர் போடவில்லை, "புரியும்படி எழுது" என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். வாலிபரும் கோபித்துக்கொண்டு ஓடவில்லை, திருப்பித் திருப்பி எழுதினார். 1911 டிசம்பர் இதழில் கட்டுரை வெளியாயிற்று.

அப்படியும் அது குறையற்றதல்ல. எட்டு தேற்றங்களில் மூன்றுக்குத்தான் நிரூபணம் இருந்தது. இரண்டு அவற்றின் கிளைகள்; மூன்று வெறும் ஊகங்கள். ஒரு கூற்று தவறாகவே போயிற்று. இந்தப் பின்னங்களை அவற்றின் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால், மேலே நிற்கும் எண் எப்போதும் பகா எண் என்றார். 691, 3617, 43867 என்று சில தூரம் அப்படித்தான் வருகிறது. ஆனால் இருபதாவதில் வரும் 174611 பகா எண் அல்ல; 283-ஐ 617-ஆல் பெருக்கினால் அதுதான் கிடைக்கும்.

சீமையிலிருந்து வந்த புத்திமதி

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவர் திறமையை எடைபோட விரும்பிய எஞ்சினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித், தம்முடைய பழைய ஆசிரியரான லண்டன் பேராசிரியர் ஹில்லுக்கு எழுதினார். ஹில் சொன்ன பதிலில் கசப்பும் இருந்தது, மருந்தும் இருந்தது. கட்டுரையில் ஓட்டைகள் உண்டு என்றார். பிரசுரத்துக்கு அனுப்புவது தெளிவாக எழுதப்பட வேண்டும். பிழை இருக்கக் கூடாது. விளக்கம் சொல்லாத குறியீட்டை உபயோகிக்கக் கூடாது என்றார். படிக்க வேண்டிய புத்தகத்தின் பேரையும் சொன்னார். இன்றைக்கும் எந்தச் சஞ்சிகையும் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை.

1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. அதிலும் முடிவுகளே நிறைந்திருந்தன. ஹார்டியின் பதிலில் வியப்பும் இருந்தது. நிரூபணம் எங்கே என்ற கேள்வியும் இருந்தது. அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்த வேலையை எழுதித் தர வேண்டும் என்பது நிபந்தனை.

1914-ல் கப்பலேறினார். அடுத்த ஆண்டில் லண்டன் கணிதச் சங்கம் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. நிறைய வகுஎண்களைக் கொண்ட எண்களைப் பற்றியது. அறுபது பக்கங்களுக்கு மேல். படிப்படியாக, பள்ளம் இல்லாமல் எழுதப்பட்டது. அதைக் கொண்டே 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. எப்.ஏ. தேறாதவருக்குக் கிடைத்த பட்டம்!

அந்தக் கட்டுரையும் முழுமையாக அச்சேறவில்லை என்பது பலருக்குத் தெரியாது. இம்முறை குறை எழுத்தில் இல்லை. சங்கத்துக்குப் பண முடை. அச்சுச் செலவைக் குறைக்கக் கடைசிப் பகுதியை நிறுத்திக்கொண்டார்கள். ராமானுஜன் 1920-ல் காலமானார். நிறுத்தி வைத்த அந்தப் பகுதி 77 ஆண்டுகள் கழித்து, 1997-ல், அவர் பெயராலேயே தொடங்கிய கணிதச் சஞ்சிகையின் முதல் தொகுதியில், இரண்டு பிரெஞ்சு அறிஞர்களின் குறிப்புரையோடு வெளிவந்தது.