எல்லைக்கோடு – 7: சதுரமாக இருந்த ஊர்

1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்புதல் தந்த கோணல்மாணல் தொகுதியைச் சென்ற வாரம் பார்த்தோம். அது கட்சி லாபத்துக்காக நடந்த வேலை. அதையே நிறத்தின் பெயரால் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அலபாமா மாநிலத்து டஸ்கீகி நகரம் சாட்சி.

டஸ்கீகியில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. 1881-ல் புக்கர் டி. வாஷிங்டன் தலைமையில் தொடங்கிய கல்வி நிறுவனமும், படைவீரர் மருத்துவமனையும் இருந்ததால் படித்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற்றப் படாதபாடு பட வேண்டியிருந்தது. பதிவு அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். அதையும் மீறிச் சுமார் 400 பேர் பதிவு செய்துவிட்டார்கள். இப்படியே போனால் நகராட்சி கைமாறிவிடும் என்று வெள்ளையர்கள் பயந்தார்கள்.

1957-ல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. பட்டியலிலிருந்து ஒரு பெயரைக்கூட அது அடிக்கவில்லை. நகர எல்லையை மட்டும் மாற்றியது. சதுரமாக இருந்த டஸ்கீகி 28 பக்கங்கள் கொண்ட உருவமாயிற்று. அந்த 400 பேரில் நான்கைந்து பேர் தவிர எல்லோரும் ஊருக்கு வெளியே. வெள்ளை வாக்காளர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. டஸ்கீகி என்ற பெயரை உலகறியச் செய்த கல்வி நிறுவனமே டஸ்கீகியில் இல்லை என்றானது!

மக்கள் வெள்ளையர் கடைகளில் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள். சமூகவியல் பேராசிரியர் சார்ல்ஸ் கோமிலியன் வழக்குத் தொடுத்தார். பேருந்துப் போராட்டப் புகழ் ரோசா பார்க்ஸுக்காக வாதாடிய ஃப்ரெட் கிரேதான் இவருக்கும் வழக்கறிஞர். எல்லை வகுப்பது மாநிலத்தின் அதிகாரம் என்று கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கைவிரித்தன. 1960 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த முடிவை மாற்றியது. தொகுதிப் பிரிப்பில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று 1946-ல் எழுதிய நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்டரே இந்தத் தீர்ப்பையும் எழுதினார். பழைய சதுரத்தையும் அதற்குள் புதிய உருவத்தையும் காட்டும் வரைபடம் தீர்ப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சியம் தேவைப்படாது.

இன்று அவ்வளவு வெளிப்படையாக யாரும் கோடு போடுவதில்லை. தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கிறார்கள். அவர்களைப் பல தொகுதிகளுக்குச் சிதறடித்துவிட்டு, "நிறம் பார்க்கவில்லை, கட்சிதான் பார்த்தோம்" என்று சொன்னால் போதும். கட்சிக்காகக் கோடு போடுவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறுபான்மையினரின் வாக்குரிமைக்கு விழுந்த பலத்த அடியாகவே அந்தத் தீர்ப்பை நான் பார்க்கிறேன்.

ஆனாலும் எல்லாக் கதவுகளும் அடைபட்டுவிடவில்லை. அலபாமா மக்களில் கால் பங்குக்கும் மேல் கறுப்பினத்தவர். ஆனால் பிரதிநிதிகள் சபைக்கான 7 தொகுதிகளில் ஒன்றில்தான் அவர்கள் பெரும்பான்மையாக இருந்தார்கள். இது 1965-ன் வாக்குரிமைச் சட்டத்துக்கு முரண் என்ற கீழ் நீதிமன்ற முடிவை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று உறுதி செய்தது. அதன் பிறகும் சட்டமன்றம் அடம்பிடித்தது. அது வரைந்த புதிய வரைபடத்திலும் ஒரே ஒரு தொகுதிதான். கடைசியில் நீதிமன்றம் நியமித்த வல்லுநரே வரைந்து தர வேண்டியதாயிற்று. டஸ்கீகியையும் உள்ளடக்கிய இரண்டாம் தொகுதியில் 2024-ல் கறுப்பினத்தவரான ஷொமாரி ஃபிகர்ஸ் வென்றார். அலபாமா வரலாற்றில் ஒரே சமயத்தில் இரண்டு கறுப்பின உறுப்பினர்கள் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தது அதுவே முதல் முறை.

(தொடரும்)